ஆக்சிடோசின் மூளையில் உண்மையில் என்ன செய்கிறது?

ஆக்சிடோசினைக் “காதல் ஹார்மோன்” என்று எங்கும் எழுதுகிறார்களே, ஒரே ஒரு வேதிப்பொருளால் பாசம், நம்பிக்கை, தாய்மை போன்ற சிக்கலான நடத்தைகளை எப்படி உண்டாக்க முடியும், அதை மூக்கில் தெளித்துக்கொண்டால் பிறரோடு பழகச் சிரமப்படுபவர்களுக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்சிடோசின் எந்த நடத்தையையும் புதிதாகப் படைப்பதில்லை. மூளையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நரம்புச் சுற்றுகளில், வந்து சேரும் சைகைகளுள் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை அது மாற்றுகிறது. அதற்குரிய ஏற்பி (அந்த மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) எந்தச் சுற்றில் இருக்கிறதோ அந்தச் சுற்றின் வேலைதான் மாறும். ஆகவே அதே மூலக்கூறு ஒரு தாயைக் குட்டியை அணைக்கவும் வைக்கும், அருகில் வரும் அந்நியரைக் கடிக்கவும் வைக்கும்.

இதன் ஒரு பாதியை நேரில் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, மாட்டுத்தொழுவம் போதும். கறப்பதற்கு முன் கன்றை அவிழ்த்துவிட்டு, சற்றே முட்டி ஊட்டவிட்டு, மடியில் பால் இறங்கியதும் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பது நம் ஊர்களில் காலங்காலமாக நடப்பது. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தாயின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை முகர்ந்து நக்க ஆரம்பிக்கும், பாலும் இறங்கும். காம்பில் படும் தொடுதல் தண்டுவடம் வழியாக ஏறி, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. கன்றின் மணமும் உருவமும் வேறு வழிகளில் அதே இடத்துக்கு வந்து சேர்கின்றன. அங்குள்ள பெரிய நரம்பணுக்கள் தயாரித்து வைத்திருக்கும் ஆக்சிடோசின், பிட்யூட்டரி சுரப்பியின் பின்மடல் வழியாக ரத்தத்தில் கலந்து மடியை அடைகிறது. பால் நுண்ணறைகளைச் சுற்றியிருக்கும் தசைபோன்ற செல்கள் சுருங்க, ஓரிரு நிமிடங்களில் பால் காம்புக்கு வருகிறது.

இது ரத்தம் வழியாக நடக்கிறது என்பதை 1941-இல் ஈலி (Ely), பீட்டர்சன் (Petersen) என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். மடியின் ஒரு பாதிக்குப் போகும் நரம்புகளை அறுத்த பிறகும் இரு பாதிகளிலும் பால் இறங்கியது. எனவே செய்தியைக் கொண்டுவந்தது நரம்பாக இருக்க முடியாது. அதே ஆய்வில் பசுவைப் பயமுறுத்துவதற்காக அதன் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, பக்கத்தில் காகிதப் பைகளை ஊதி ஊதி வெடித்தார்கள். பால் நின்றுவிட்டது. வேற்றாள் கை பட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்று கறவைக்காரர்கள் சொல்வதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் வேண்டியதில்லை. மூளை “இது பாதுகாப்பான நேரம்தானா” என்று கணக்குப் போட்ட பிறகே இந்த ஹார்மோன் வெளியே வருகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

ரத்தத்தில் ஓடும் ஆக்சிடோசின் மிகச் சிறிதளவே மூளைக்குள் நுழைகிறது. மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை விடுவதில்லை. அதனால்தான் சிலர் கள்ளத்தனமாக மாட்டுக்கு ஆக்சிடோசின் ஊசி போட்டால் பால் வருகிறது, கன்றின் மேல் பாசம் வருவதில்லை. (இந்த முறைகேட்டைத் தடுக்க மத்திய அரசு 2018 ஏப்ரலில் தனியார் உற்பத்திக்கே தடை போட்டது. பிரசவத்துக்குப் பின் தாய்க்கு ஏற்படும் ரத்தப்போக்கை நிறுத்தும் உயிர்காக்கும் மருந்தும் இதுவே என்பதால் அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.) சமூக நடத்தையைப் பாதிக்கும் ஆக்சிடோசின் மூளைக்குள்ளேயே சுரந்து, மூளைக்குள்ளேயே செலவாவது. பிட்யூட்டரிக்கு இழை அனுப்பும் அதே நரம்பணுக்கள், அச்சத்தைக் கையாளும் அமிக்டலா, இன்ப உணர்வோடு தொடர்புடைய அக்கும்பென்ஸ் போன்ற இடங்களுக்கும் கிளை இழைகளை அனுப்புகின்றன. இழை நுனியில் மட்டுமல்லாமல் தங்கள் உடற்பகுதியிலிருந்தும் கிளைகளிலிருந்தும் அவை ஆக்சிடோசினைக் கசியவிடுகின்றன.

குளுட்டமேட் போன்ற சாதாரண நரம்புக் கடத்திகள் இரு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ் என்ற சிறு இடைவெளியைத் தாண்டி, ஆயிரத்தில் சில பங்கு விநாடியில் வேலையை முடித்துவிடும். ஆக்சிடோசினோ விநாடிக்கணக்கிலும் நிமிடக்கணக்கிலும் வேலை செய்யும். வெளியான இடத்திலிருந்து சற்றுத் தள்ளியும் பரவும். தொலைபேசியில் ஒருவரை அழைத்துப் பேசுவதற்கும் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஒலிபெருக்கி எல்லார் காதிலும் விழும். அறிவிப்பு யாருக்கானதோ அவர் மட்டும் எழுந்து போவார். ஏற்பி உள்ள நரம்பணு அப்படி எழுந்து போகிறவர்.

எழுந்து போய் அது என்ன செய்கிறது? எனக்குத் தெரிந்தவரை இதை மிகத் தெளிவாகக் காட்டியது நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரோம்கேயின் ஆய்வுக்குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு. எலிக்குஞ்சு கூட்டைவிட்டு உருண்டு வெளியே விழுந்தால், நம் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் கத்தும். தாயெலி உடனே ஓடிவந்து வாயால் கவ்விக் கூட்டுக்குள் கொண்டுபோய் விடும். குட்டி போடாத பெண் எலிக்கும் அந்தக் கத்தல் கேட்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இரண்டின் செவிப்புறணியிலும் (மூளையில் ஒலியைக் கையாளும் பகுதி) நுண்ணிய மின்முனைகளை வைத்து அளந்தபோது காரணம் தெரிந்தது. தாயின் மூளையில் அந்தக் கத்தலுக்கு, நரம்பணுக்களைத் தூண்டும் சைகையும் (கிளர்ச்சி) அடக்கும் சைகையும் (தடுப்பு) ஒன்றோடொன்று இசைந்து, சரியான தருணத்தில் வருகின்றன. எனவே நரம்பணுக்கள் கத்தலைத் துல்லியமாகப் பதிவு செய்கின்றன. குட்டி போடாத எலியில் அவை இரண்டும் பொருந்துவதில்லை, பதிவும் கலங்கிப்போகிறது.

குட்டி போடாத எலியின் இடப்பக்கச் செவிப்புறணியில் ஆக்சிடோசினை இட்டார்கள், அல்லது ஆக்சிடோசின் நரம்பணுக்களை ஒளியால் தூண்டினார்கள். சிறிது நேரத்தில் தடுப்புத் தளர்ந்தது. அந்தத் தளர்ந்த நேரத்தில் குஞ்சின் கத்தலையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், கத்தலுக்கான கிளர்ச்சி வலுப்பட்டது. பிறகு மெல்ல மெல்லத் தடுப்பும் அதற்கேற்ப ஒழுங்குபட்டு, தாயின் மூளையில் உள்ளதுபோன்ற இசைவு அமைந்தது. வெறும் உப்புநீர் கொடுக்கப்பட்ட எலிகளைவிட இவை விரைவில் குஞ்சுகளைக் கவ்விக் கொண்டுவரக் கற்றன. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஏற்கெனவே பழகிவிட்ட தாய்க்கு அந்த இடத்தில் ஆக்சிடோசின் ஏற்பியை அடைத்தாலும் குஞ்சை எடுத்துவரும் பழக்கம் குறையவில்லை. கற்கும்போது தேவைப்பட்டது, கற்ற பிறகு தேவைப்படவில்லை. கட்டடம் எழும்வரை சாரம் நிற்கும், பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுவார்கள் அல்லவா, அதைப்போல.

அதே குழு 2021-இல் இன்னொன்றைக் கண்டது. படிக்கும்போது நான் சிரித்துவிட்டேன். ஒரே கூண்டில் தாயையும் குட்டி போடாத எலியையும் நாட்கணக்கில் சேர்த்து வைத்தால், கூட்டைவிட்டு விலகித் திரியும் அந்த எலியைத் தாய் பின்னாலிருந்து விரட்டிக் குஞ்சுகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அப்படி விரட்டப்படும்போது அந்த எலியின் ஹைப்போதலாமஸில் உள்ள ஆக்சிடோசின் நரம்பணுக்கள் விழித்தெழுகின்றன. கண்ணாடிபோன்ற தடுப்புக்குப் பின்னாலிருந்து தாய் குஞ்சை எடுத்துவருவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த எலிகளும் சில கற்றுக்கொண்டன. ஊடுருவிப் பார்க்க முடியாத தடுப்பு வைத்தபோது கற்கவில்லை. குழந்தை வளர்ப்பைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கற்பது மனிதருக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் நினைத்திருப்போம்.

ஹார்மோன்கள் தனித்தனியாகவும் வேலை செய்வதில்லை. 1979-இல் பெடர்சன், பிரேஞ்ச் இருவரும் கன்னிப் பெண் எலிகளின் மூளை அறைகளுக்குள் ஆக்சிடோசினைச் செலுத்தி, அவை உடனே தாய்போல நடந்துகொள்வதைக் கண்டார்கள். ஆனால் அந்த விளைவு ஈஸ்ட்ரோஜன் முன்பே கொடுக்கப்பட்ட எலிகளில்தான் கிடைத்தது. ஈஸ்ட்ரோஜன் ஆக்சிடோசின் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் ஏறிவரும் அந்த ஹார்மோன் நிலத்தை உழுது வைக்க, பிரசவ நேரத்து ஆக்சிடோசின் விதைபோல விழுகிறது. செம்மறியாட்டில் இது நேரக் கணக்கோடு நடக்கிறது. குட்டி பிறப்புப்பாதையைக் கடக்கும்போது எழும் நரம்புத் தூண்டல் தாயின் மூளைக்குள் ஆக்சிடோசினை வெளியிடச் செய்கிறது. ஏறத்தாழ 2 மணி நேரத்துக்குள் தாய் தன் குட்டியின் மணத்தைக் கற்று, மற்றக் குட்டிகளை முட்டித் தள்ளத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தூண்டலைத் தண்டுவட மயக்க மருந்தால் தடுத்தால் தாய்மை நடத்தை குலைகிறது. ஆக்சிடோசினை மூளைக்குள் கொடுத்தால் பெருமளவு மீள்கிறது. இறந்த குட்டியின் தோலை அனாதைக் குட்டியின் மேல் போர்த்தி, இறந்த குட்டியின் தாயை ஏமாற்றிப் பால் கொடுக்கவைக்கும் மேய்ப்பர்களின் உத்தி, நம் தோல்கன்றுக்கு நெருங்கிய உறவு.

இனி “காதல் ஹார்மோன்” என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு வருகிறேன். 1970-களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் லோவெல் கெட்ஸ் என்ற சூழலியலாளர் பிரெய்ரி வோல் எனப்படும், எலியைப் போன்ற சிறு கொறிவிலங்கின் எண்ணிக்கையை ஆராய்வதற்காகப் பொறிகள் வைத்துவந்தார். அதே ஆணும் அதே பெண்ணும் திரும்பத் திரும்ப ஒரே பொறியில் சேர்ந்து மாட்டுவதைக் கவனித்தார். ஹார்மோன் ஆய்வாளரான சூ கார்ட்டருடன் சேர்ந்து பார்த்தபோது, பாலூட்டிகளில் அரிதான நீடித்த இணைவாழ்வு இந்த உயிரினத்தில் இருப்பது தெரிந்தது. இதன் நெருங்கிய உறவான மலை வோலுக்கு அந்த வழக்கம் இல்லை. இரண்டின் மூளையையும் தாமஸ் இன்சலும் லாரன்ஸ் ஷாபிரோவும் 1992-இல் ஒப்பிட்டபோது, வேறுபட்டது ஏற்பிகளின் இருப்பிடம் என்று கண்டார்கள். பிரெய்ரி வோலின் அக்கும்பென்ஸில் ஆக்சிடோசின் ஏற்பிகள் அடர்ந்திருந்தன. மலை வோலில் அங்கே மிகக் குறைவு. குட்டி ஈன்ற 24 மணி நேரத்துக்குள் மலை வோல் தாயின் மூளையில் மட்டும் ஏற்பிகளின் பரவல் மாறியது. அது பாசம் காட்டுவதும் அந்தக் காலத்தில் மட்டும்தான்.

இணைப்பை அளக்கும் சோதனை எளிது. மூன்று அறைகள் கொண்ட பெட்டியின் ஒரு கோடியில் பழகிய துணையைக் கட்டிவைப்பார்கள், மறுகோடியில் அறிமுகமில்லாத வோலை; நடுவில் விடப்பட்டது 3 மணி நேரத்தில் யாரோடு ஒட்டிப் படுத்திருந்தது என்று கணக்கெடுப்பார்கள். இனச்சேர்க்கையின்போது வெளிப்படும் டோபமைன் என்ற நரம்புக் கடத்தியும் ஆக்சிடோசினும் அக்கும்பென்ஸில் ஒரே நேரத்தில் சேரும்போது, “இந்த மணம்” என்பதும் “இந்த இன்பம்” என்பதும் ஒன்றாக முடிச்சிடப்படுகின்றன என்பது இன்றைய விளக்கம். ஆண்களில் இந்தப் பங்கைப் பெரிதும் வகிப்பது வாசோப்ரெசின் என்ற ஹார்மோன். ஆக்சிடோசின், வாசோப்ரெசின் இரண்டும் ஒன்பது அமினோ அமிலங்களாலான சங்கிலிகள். இரண்டே இடங்களில்தான் வேறுபாடு. 2004-இல் மிராண்டா லிம்மும் லாரி யங்கும், நீடித்த இணைவாழ்வு இல்லாத புல்வெளி வோல் (மெடோ வோல்) என்ற வேறோர் இனத்து ஆணின் முன்மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், வைரஸ் ஒன்றின் மூலம் வாசோப்ரெசின் ஏற்பியின் மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தினார்கள். அது தன் துணையோடு ஒட்டிப் படுக்கத் தொடங்கியது. ஒரே மரபணு, ஒரே இடம். பத்திரிகைகள் இதைக் கொண்டாடியதில் வியப்பில்லை.

இந்தக் கதையை இத்தோடு முடித்திருந்தால் நேர்த்தியாக இருந்திருக்கும். நானும் பல காலம் அப்படித்தான் சொல்லிவந்தேன். 2023-இல் தேவானந்த் மனோலியின் குழுவினர் ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாத பிரெய்ரி வோல்களை மரபணுத் திருத்தத்தால் உருவாக்கினார்கள். அவை இணை சேர்ந்தன. துணையோடு ஒட்டிப் படுத்தன. குட்டிகளைப் பேணின. பாலூட்டுவதில் மட்டும் குறை தெரிந்தது. பாலுண்ணும் வயதைத் தாண்டிய குட்டிகள் குறைவு. வளர்ந்த விலங்கில் ஏற்பியை மருந்தால் அடைத்தால் இணைப்பு கெடுகிறது, ஆனால் கருவிலிருந்தே ஏற்பி இல்லாமல் வளர்ந்தால் கெடுவதில்லை. வளரும் மூளை வேறு வழியைக் கண்டுகொள்கிறது என்பதே பெரும்பாலானோர் தரும் விளக்கம், எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. இணைவாழ்வு போன்ற முக்கியமான நடத்தையை ஒரே கயிற்றில் தொங்கவிடாமல் பல கயிறுகளில் கட்டியிருப்பது பரிணாமத்துக்கு வழக்கமானதே.

எந்த வேலைக்கு ஆக்சிடோசின் இன்றியமையாதது, எதற்கு உதவி மட்டும் என்பதை எலிகளும் காட்டியிருக்கின்றன. ஆக்சிடோசினே இல்லாத எலி குட்டி போடும், குட்டியைப் பேணும். பால் இறங்காது, எனவே குட்டிகள் சாகும். நேற்றுச் சந்தித்த இன்னொரு எலியை இன்று அடையாளம் காணவும் அதற்குத் தெரியாது. பொதுவான ஞாபகம் நன்றாக இருக்கும், ஆட்களின் ஞாபகம் மட்டும் இருக்காது. அமிக்டலாவின் ஒரு பகுதியில் ஆக்சிடோசினைச் சொட்டவிட்டால் அது திரும்பிவிடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாலூட்டும் தாய் எலி கூட்டருகே வரும் அந்நிய எலியின்மேல் பாயும். அந்த ஆவேசத்திலும் ஆக்சிடோசினுக்குப் பங்கு உண்டு. இணை சேர்ந்த ஆண் வோல், வாசோப்ரெசினின் தூண்டலால் மற்ற ஆண்களை விரட்டியடிக்கும். மனிதர்களிடம் கார்ஸ்டன் டி ட்ரூ 2010-இல் செய்த ஆய்வில், ஆக்சிடோசின் முகர்ந்தவர்கள் தம் குழுவினரிடம் கூடுதலாக நம்பிக்கை காட்டினார்கள். தம் குழுவை அச்சுறுத்தக்கூடிய வெளிக்குழுவினரிடம் தற்காப்பாக மோதவும் கூடுதலாக முனைந்தார்கள். “நம்மவர்” என்ற சைகை உரக்க ஒலிக்கத் தொடங்கினால், “நம்மவர் அல்லர்” என்பதும் சேர்ந்தே உரக்க ஒலிக்கிறது.

கடைசியாக மூக்குத் தெளிப்பு. 2005-இல் சூரிச்சில் மைக்கேல் கோஸ்ஃபெல்டும் சகாக்களும் நடத்திய விளையாட்டில், ஒருவர் தம்மிடம் இருக்கும் 12 பணப்புள்ளிகளில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ முகம் தெரியாத மற்றவருக்குக் கொடுக்கலாம். கொடுத்தது மூன்று மடங்காகும். பெற்றவர் திருப்பித் தருவாரா இல்லையா என்பது அவர் நேர்மை. ஆக்சிடோசின் தெளித்துக்கொண்ட 29 பேரில் 13 பேர் முழுத்தொகையையும் நம்பிக் கொடுத்தார்கள். வெறும் திரவம் தெளித்துக்கொண்ட 29 பேரில் 6 பேர். உலகெங்கும் பேசப்பட்ட முடிவு இது. ஆனால் குழு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். 2020-இல் கரோலின் டெக்ளெர்க்கின் குழு 677 பேரை வைத்து, வழிமுறையை முன்கூட்டியே பதிவுசெய்து மீண்டும் நடத்தியபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. மூக்கில் தெளிப்பதில் மிகச் சிறு பங்கே மூளைக்குள் சேர்கிறது, பெரும்பகுதி ரத்தத்தில் கலந்துவிடுகிறது என்பதும் சேர்ந்து நிற்கிறது.

நீங்கள் கேட்டதற்கு நேரடியான சான்று 2021-இல் வந்தது. ஆட்டிசம் உள்ள, 3 முதல் 17 வயதுவரையிலான 290 குழந்தைகளை வைத்து, ஒரு பகுதியினருக்கு ஆக்சிடோசின் தெளிப்பும் மற்றவர்களுக்கு வெறும் தெளிப்பும் 24 வாரம் நாள்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறரோடு பழகும் திறனில் இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எனவே இணையத்தில் விற்கும் தெளிப்புகளைப் பெரியவர்களும் வாங்க வேண்டாம், குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இந்த முடிவு ஏமாற்றமளிக்கலாம்; ஆனால் நியூயார்க் எலிகளை நினைத்துப் பார்த்தால் புரியாததல்ல. அங்கே ஆக்சிடோசினும் குஞ்சின் கத்தலும் ஒரே நேரத்தில் சேர்ந்து வந்தபோதுதான் சுற்று மாறியது. காலையில் தெளித்துவிட்டு, அந்த நேரத்தில் குழந்தை யாரோடும் பழகாமல் தனியே உட்கார்ந்திருந்தால், தளர்ந்த தடுப்பினூடே கற்றுக்கொள்ள எந்தச் சைகையும் வந்து சேர்வதில்லை. தெளிப்பையும் பழக்கப் பயிற்சியையும் ஒரே மணி நேரத்தில் இணைத்துப் பார்க்க வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் இப்போது கேட்பது இதனால்தான்.